அறுபத்தெட்டாம் நாள்

சோதனைக் குழாய்களை எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் எனக்குப் பிடிக்காது. எண்ணிக்கை தவறிவிடும் என்பதால் அல்ல. அது பாட்டுக்கு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். பதில் சொல்ல வாயைத் திறக்கவேண்டுமே, அதுதான் தொல்லை.

கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் ஆறு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். இந்த ஆறு வருடத்தில் ஒரு பிப்பெட் குறைந்ததில்லை. உடைந்தவற்றுக்கும் உடைந்த துண்டைக் காட்டிக் கணக்குச் சொல்லியிருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, மேடம். நீங்கள் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்த விசாரணை அறிக்கையில் ஒரு வரியைத் திருத்தவேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும்.

முதல் நாள் நீங்கள் வந்தபோது உங்கள் கண் என் மேல் இல்லை, அலமாரியில் இருந்த புட்டிகள் மேல் இருந்தது. அது இயல்புதான். ஒரே அறையில் இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி செத்துக் கிடக்கிறாள், இன்னொருத்தி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள் என்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அதற்கும் மேலே ஒரு சங்கதி இருந்தது. அவள் இறந்தது செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு. அதே நாள் ஒன்பது மணிக்கு வருகைப் பதிவேட்டில் அவள் கையெழுத்து இருந்தது. "பொணம் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போச்சாம்மா?" என்று உங்கள் காவலர் கேட்டார். நான் போட்டேன் என்று அப்போதே சொன்னேன். ஒளிக்கவில்லை.

புட்டிகளை ஒவ்வொன்றாக எடை போட்டீர்கள். காவலர் தராசைச் சாய்வாக நின்று படித்தார். நேராக நின்று படிக்கச் சொன்னேன். எல்லாம் இருப்புப் பதிவேட்டோடு ஒத்துப்போனது. பிறகு மருத்துவரின் அறிக்கையும் வந்தது. விஷம் எதுவும் இல்லை, குடல்வால் வீங்கி உள்ளேயே வெடித்திருக்கிறது என்று. அன்று மாலைதான் முதல்முறையாக எனக்கு டீ கொடுத்தீர்கள்.

இறந்தவளைக் கல்லூரியில் எல்லோரும் வானொலி என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாது. இரண்டாம் ஆண்டு மாணவி. நான் குடியிருந்த மாடி அறையில் இன்னொரு கட்டிலுக்கு ஆள் தேவைப்பட்டது, வந்தாள். இரண்டு இரும்புக் கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு நேராக அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான் அறை. அவளுடைய அப்பா கண்ணாடி வெட்டுகிறவர். மகளைக் கொண்டுவந்து விட்டவர், ஜன்னலில் ஒரு சட்டம் அட்டை ஒட்டிக் கிடந்ததைப் பார்த்து, யாரும் கேட்காமலே அளவெடுத்துக்கொண்டு போய், அடுத்த வாரம் கண்ணாடி கொண்டுவந்து பொருத்தினார். விரல் முழுக்கக் கீறல் தழும்பு.

"அம்மாடி, இது வாயை மூடாது. நீதான் கொஞ்சம் பொறுத்துக்கணும்" என்றார் என்னிடம்.

"எப்பா, அவங்களும் வாயைத் திறக்க மாட்டாங்க. ரெண்டும் சரியாப் போயிடும்" என்றாள் அவள்.

எனக்கு அவள் வைத்த பெயர் பல்லி. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கறதே தெரியாதுக்கா. திடீர்னு 'ச்ச்'னு ஒரு சத்தம் மட்டும் வரும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் ஒன்றும் நினைக்கவில்லை. அவளுடைய தோழிகள் அறைக்கு வருவார்கள். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நிற்கும், கதவைச் சாத்திக்கொண்டு நான் வெளியே போனதும் சிரிப்பு வரும். என்னைப் பற்றித்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதையும் எண்ணியிருக்கிறேன். முதல் பருவத்தில் முப்பத்தொரு தடவை.

அவள் அரசு மானியத்தில் படித்தாள். அந்த விதியை உங்கள் அறிக்கை சுற்றி வளைத்து எழுதியிருக்கிறது, நேராகச் சொல்கிறேன். ஒரு பருவம் தொடங்கி அறுபத்தெட்டாம் நாள் வரையாவது மாணவர் கல்லூரியில் இருக்கவேண்டும். அதற்கு முன்னால் விலகினால் வாங்கிய மானியத்தில் பெரும்பங்கைத் திருப்பிக் கட்டவேண்டும். அறுபத்தெட்டைத் தொட்டுவிட்டால் ஒரு காசும் திருப்பவேண்டாம். தொடர்ந்து ஐந்து நாள் வராவிட்டால் விலகியதாகத்தான் கொள்வார்கள். காரணம் கேட்க மாட்டார்கள், மருத்துவமனையில் படுத்திருந்தாலும் அதே விதிதான். கடைசியாக வந்த நாள் எது என்பதை வருகைப் பதிவேடு சொல்லும். எங்கள் துறையில் மாணவர்கள் காலையில் கையெழுத்துப் போடும் பதிவேடு என் மேஜையில்தான் இருக்கும். மாலையில் வகுப்புத் தாள்களோடு அதைச் சரிபார்ப்பதும் நான்தான்.

எங்கள் கட்டடத்தில் யாரும் தேதி சொல்வதில்லை. பதிவேட்டுப் பக்கத்தின் தலையில் நாள் எண் எழுதியிருப்போம். செய்முறைப் பட்டியலும் அந்த எண்ணில்தான் இருக்கும். 'நாற்பதாம் நாள் உப்புப் பகுப்பாய்வு' என்றால் எல்லோருக்கும் புரியும். ஞாயிற்றுக்கிழமைக்குப் பக்கம் கிடையாது, அதனால் எண்ணும் கிடையாது.

ஐம்பத்தைந்தாம் நாள், திங்கட்கிழமை, அவள் செய்முறையின் நடுவில் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது. மற்றவர்கள் போனபிறகு என்னிடம் வந்தாள்.

"அக்கா, இன்னைக்கு எத்தனாவது நாள்?"

"ஐம்பத்தஞ்சு."

"இன்னும் பதிமூணா? அதுவரைக்கும் தாங்குவியான்னு என் வயித்தையே கேட்டுச் சொல்லேன். நான் கேட்டா பதில் சொல்ல மாட்டேங்குது."

சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஊருக்குப் போய்விடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாள். போனால் விலகியதாகிவிடும் என்பது அவளுக்கும் தெரியும்.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதக்கா. சொன்னா உடனே வண்டி ஏறி வந்துடுவார். அப்புறம் பணம் கட்டச் சொல்லி கடிதாசி வரும். வெட்டுற மேஜைய வித்துடுவார். அந்த மேஜை இல்லாம அவருக்கு நிக்கக்கூடத் தெரியாது."

"பதிமூணு நாள்தானே. நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை புதிதாக இருந்தது. நான் சொன்ன ஒன்றை அவள் நம்பியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

செவ்வாயிலிருந்து அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. கையெழுத்தை நான் போட்டேன். ஆய்வகத்தின் முதலுதவிப் பெட்டியிலிருந்து வலி மாத்திரை கொண்டுபோனேன். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. பெட்டியின் குறிப்பேட்டில் 'தலைவலி' என்று எழுதி என் பெயரையே போட்டேன். வெதுவெதுப்பாகப் பால், பாலில் நனைத்த ரொட்டி. துணியை நனைத்து உடம்பு துடைத்துவிட்டேன். தலை வாரிப் பின்னிவிட்டேன்.

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மாவுக்கு முதலிலிருந்தே என் மேல் சந்தேகம். உங்களிடமும் சொல்லியிருப்பார்.

"என்னம்மா, மேல ரேடியோ சத்தமே காணோம்? ரிப்பேரா?"

"படிக்கறாங்க."

"படிக்கிறவ எதுக்கு முனகுறா?"

"பாடம் கஷ்டம்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டியாச்சு. ஓய்வு எடுக்கச் சொன்னாங்க."

ஒருநாள் படியேறி வந்தார். நான் தண்ணீர் வாளியோடு வாசலில் நின்றிருந்தேன். வாளி இருந்ததால் அவருக்கு வழி இல்லை. என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். போகும்போது, "இவ பேசாமலே பொய் சொல்ற ரகம்" என்று படிகளிடம் சொல்லிக்கொண்டு போனார். அது நியாயமான பேச்சு இல்லை.

அவளுடைய போன் என்னிடம் இருந்தது. ஆய்வகத்தில் சார்ஜ் போடுகிறேன் என்று எடுத்துப் போவேன். அப்பா தினமும் மத்தியானம் செய்தி அனுப்புவார். சாப்பிட்டியா, பரீட்சை எப்போ, குரலே கேக்கலயே என்று. அவள் எழுதுவது போலவே எழுதுவேன். 'குரல் கேட்டா காது போயிடும்னு சொல்வீங்களே, இப்ப என்ன?' என்று ஒருநாள் எழுதினேன். அவர் சிரிக்கிற பொம்மை ஒன்று அனுப்பினார். எனக்கு யாரும் அதுவரை அப்படி அனுப்பியதில்லை.

வெள்ளிக்கிழமை, ஐம்பத்தொன்பதாம் நாள் காலை, அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். "வலி போயிடுச்சுக்கா. சுத்தமா போயிடுச்சு" என்றாள். உங்கள் மருத்துவர் சொன்னது அந்த நேரத்தைத்தான். வெடித்ததும் வலி சற்று நேரம் நின்றுபோகும், அன்று கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று. அதை நானும் எங்கோ படித்திருந்தேன்.

சனிக்கிழமை காய்ச்சல் வந்தது. வயிறு பலகைபோல் ஆனது. அடுத்த வாரம் முழுக்க அவள் பெரும்பாலும் தூங்கினாள். விழித்திருக்கும்போது மெதுவாகப் பேசினாள், என்னிடம் மட்டும். என் செருப்புச் சத்தத்தைக் கீழ்ப்படியிலேயே கண்டுபிடித்துவிடுவாள். நான் கதவைத் திறக்கும்போது அவள் முகம் ஏற்கெனவே கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கும்.

"உன்னைப் போயி பல்லின்னு கூப்பிட்டேனேக்கா" என்றாள் ஒருநாள்.

"பரவாயில்லை."

"பல்லி இல்ல. நீ எனக்கு..." என்று ஆரம்பித்தவள், சொல் கிடைக்காமல் அப்படியே தூங்கிவிட்டாள். வானொலிக்குச் சொல் கிடைக்காமல் போனதை நான்தான் பார்த்தேன், வேறு யாரும் பார்க்கவில்லை.

இன்னொரு நாள், "நான் படுத்து ரெண்டு வாரம் ஆன மாதிரி இருக்கே" என்றாள். காய்ச்சலில் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

திங்கட்கிழமை, அறுபத்தேழாம் நாள். செவ்வாய் காலை ஆறு மணிக்கு மூச்சு நின்றது. நான் குளித்து, உடுத்தி, கல்லூரிக்குப் போனேன். பதிவேட்டைத் திறந்து அறுபத்தெட்டு என்று எழுதி அவள் கையெழுத்தைப் போட்டேன். பதிவேட்டில் இடைவெளி விழக்கூடாது. பிறகு திரும்பி வந்து வீட்டுக்காரம்மாவின் கதவைத் தட்டினேன்.

உங்கள் விசாரணை இதையெல்லாம் ஏறக்குறைய சரியாகவே கண்டுபிடித்தது. நீங்கள் ஒரு நல்ல கேள்வியும் கேட்டீர்கள். "கையெழுத்தை எப்படியும் நீங்கதானே போட்டீங்க? அவளை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு இங்க போட்டிருக்கலாமே?" மருத்துவமனைச் சீட்டில் தேதி இருக்கும், இரண்டு காகிதம் ஒன்றுக்கொன்று முரண்படக்கூடாது என்றேன். நீங்கள் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தீர்கள். அப்போது கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அதற்குள் கல்லூரி அலுவலகத்தின் மானியப் பிரிவிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அவர்கள் எங்களைப் போல வேலைநாளை எண்ணுவதில்லை. சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்து ஞாயிறையும் சேர்த்து எண்ணுவார்கள். அவர்களுடைய அறுபத்தெட்டாம் நாள் எங்கள் பதிவேட்டில் ஐம்பத்தொன்பது. அதாவது அந்த வெள்ளிக்கிழமை. அன்றைக்கே அவள் ஊருக்குப் போயிருக்கலாம், ஒரு காசும் திருப்பவேண்டியிருந்திருக்காது. அதற்குப் பிறகு பதினொரு நாள் வீணாகக் கிடந்திருக்கிறாள்.

இதைப் படித்ததும் உங்கள் முகம் மாறியது. தோழியின் குடும்பத்தைக் காப்பாற்ற நினைத்த ஒரு பெண், ஆய்வக வழக்கப்படி நாளைத் தப்பாக எண்ணிவிட்டாள். செத்தவளுக்காகக் காலையில் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், அவ்வளவு வெகுளி. எல்லாம் பொருந்திவிட்டது. கண்ணாடிக்காரரை அழைத்துச் சொன்னீர்கள். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எண்ணிக்கைதானேம்மா தப்பிப்போச்சு. உன் மனசு தப்பலையே" என்றார். அந்தக் கீறல் தழும்புகள் என் கையில் உரசின. வீட்டுக்காரம்மாகூட அழுதார். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: 'உதவியாளரின் எண்ணிக்கைப் பிழையால் நேர்ந்த துயரம்.'

இந்த வரியைத்தான் சொல்கிறேன். இதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட முடியாது.

என் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. உங்கள் ஆட்கள் அதைத் திறந்து பார்த்தார்கள். அதில் எனக்கு வந்த கடிதம் ஒன்று இருந்தது. நானும் மானியத்தில் படித்தவள்தான், மேடம். மூன்றாம் வருடம் அம்மா இறந்த வாரம் ஊருக்குப் போய்த் திரும்பி வரமுடியாமல் விலகினேன். இன்றுவரை மாதாமாதம் என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். உங்கள் காவலர் அந்தத் தொகையைப் படித்துவிட்டு 'அடப் பாவமே' என்றார். தொகைக்கு மேலே ஒரு வரி இருக்கிறது, அதை அவர் படிக்கவில்லை. 'கடைசியாக வருகை தந்தது: நாற்பத்தொன்றாம் நாள், சனிக்கிழமை.' எங்கள் பதிவேட்டில் அன்றைக்கு முப்பத்தாறு. மானியப் பிரிவு எப்படி எண்ணும் என்று எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். அந்த எண்ணிக்கையில்தான் என் பட்டம் போனது.

சுவரில் வெளிறிய சதுரம் ஒன்றைப் பார்த்து அங்கே என்ன இருந்தது என்று கேட்டீர்கள். நாட்காட்டி. அறைக்கு வெளியே இருக்கும் சமையல் மேடைக்குப் பக்கத்தில் மாட்டினேன், காஸ் வந்த தேதி குறிக்க வசதி என்றேன். அதுவும் உண்மைதான். அவள் படுக்கையிலிருந்து பார்த்தால் அது தெரியாது. அதைக் கழற்றியது அந்த வெள்ளிக்கிழமை.

அன்று மத்தியானம் என் சம்பளத்தில் பிடித்த தொகைக்கு ரசீது வாங்க மானியப் பிரிவுக்குப் போயிருந்தேன். எழுத்தர் சோம்பல் முறித்துக்கொண்டு, "இன்னையோட அறுபத்தெட்டு. இனிமே எவன் ஓடினாலும் எனக்கு வேலை இல்லை" என்றார். அவரை நீங்கள் விசாரிக்கவே இல்லை.

சொல்லிவிடலாம் என்றுதான் படியேறினேன். வழியில் பாலும் வாங்கியிருந்தேன். வாய்வரை வந்துவிட்டது. உள்ளேயிருந்து, "அக்கா, வந்துட்டியா?" என்றாள். கதவைத் திறந்தேன். ஜன்னலில் அவள் அப்பா பொருத்திய கண்ணாடியில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த எண்ணைச் சொன்னால் மாலைக்குள் அவர் வந்துவிடுவார், இரவுக்குள் அந்தக் கட்டில் காலியாகிவிடும். பாலைச் சூடாக்கினேன். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாளும் அவள் அதேபோலத்தான் கூப்பிட்டாள்.

நீங்கள் இதற்கு ஏதாவது பெயர் வைப்பீர்கள். நான் வேறு மாதிரி யோசிக்கிறேன். நாற்பத்தொன்றாம் நாள் என்னை யாராவது ஒரு அறையில் பிடித்து வைத்திருந்தால், இன்னும் இருபத்தேழு நாள்தான் என்று சொல்லிப் பாலும் ரொட்டியும் கொடுத்திருந்தால், நான் இன்று பட்டதாரி. எனக்கு அப்படி யாரும் இல்லை. அவளுக்கு நான் இருந்தேன்.

விதியின் கடைசிப் பத்தியையும் உங்கள் அறிக்கை விட்டுவிட்டது. மாணவர் இறந்துவிட்டால் மானியத்தில் எதையும் திருப்பவேண்டாம். எப்படிப் பார்த்தாலும் கண்ணாடிக்காரருக்கு நஷ்டம் இல்லை. மேஜை பத்திரமாக இருக்கிறது.

ஆகவே 'எண்ணிக்கைப் பிழை' என்பதை அடித்துவிடுங்கள். 'உதவியாளருக்கு நாள் தெரியும், பதினொரு நாளும் தெரியும், சொல்லவில்லை' என்று எழுதுங்கள். அதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன். என் சொந்தக் கையெழுத்தை.

ஒன்றே ஒன்றை மட்டும் தப்பாக எழுதிவிடாதீர்கள். வீட்டுக்காரம்மா சொன்னது போல் நான் பொய் சொல்கிற ரகம் இல்லை. கடைசித் திங்கட்கிழமை சாயங்காலம் அவள் கண்ணைத் திறக்காமலே, "அறுபத்தெட்டு வந்துடுச்சாக்கா?" என்று கேட்டாள். நெற்றியில் கை வைத்து, "இன்னும் ஒரு நாள்" என்றேன். அன்று பதிவேட்டில் அறுபத்தேழுதான். நீங்களே எடுத்துப் பார்க்கலாம்.